கார்மின் ஃபோர்ரன்னர் 55: உப்புக்காற்றில் இரண்டு வருடம்

இந்த மணிக்கூடு 2021இல் வெளிவந்தபோது விலை 200 அமெரிக்க டொலர். அதே நிறுவனத்தின் விலை கூடிய ஓட்ட மணிக்கூடுகளைப் பார்த்தால் இது கீழ்ப்படி. எனக்கு இது கட்டாரில் இருந்து வந்த மச்சானின் பையில் வந்தது. பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதும் விமர்சனங்கள் ஏராளம். வியர்வையிலும் கடற்காற்றிலும் இரண்டு வருடம் கிடந்த பிறகு எப்படி என்று சொல்பவர்கள் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

தூரத்தில் இருந்து தொடங்குவோம். மட்டக்களப்பில் ஓடுபவனுக்கு ஜீ.பி.எஸ். ஒரு பிரச்சினையே இல்லை. மலை கிடையாது, உயர்ந்த கட்டடங்களும் குறைவு, வாவிக்கரையிலும் நாவலடிப் பக்கமும் வானம் திறந்தே கிடக்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் கல்லடிக்குத்தான் போக வேண்டும். 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு பாரமான வாகனங்கள் அதில் போக, பழைய இரும்புப் பாலத்தில் ஆறுதலாக ஓட முடிகிறது. இரண்டும் அருகருகே நிற்பவை. திறந்த வெளியில்கூட ஒரு சாதாரண போனின் ஜீ.பி.எஸ். 5 மீற்றர் அளவுக்கு விலகலாம் என்பது அமெரிக்க அரசே சொல்லும் கணக்கு. இரும்பில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை அதை இன்னும் குழப்பும். ஆகவே பழைய பாலத்தில் ஓடிவிட்டு வந்து வரைபடத்தைப் பார்த்தால், சில நாள் கோடு ஒழுங்காக இருக்கும், சில நாள் நான் தண்ணீரில் நடந்திருப்பேன். ஆனால் ஒரு பக்கமாக விலகிப் போன கோட்டுக்கும் ஏறத்தாழ அதே நீளம்தானே! கிலோமீற்றர் கணக்கு இதனால் கெடுவதில்லை.

கெடுவது வளைவுகளில்தான். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மைதானத்தில் 400 மீற்றருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்களே, அதில் சாதாரண ஓட்ட முறையில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடவோ குறையவோ காட்டும். மைதான ஓட்டத்துக்கென்று இதில் தனி முறை இருக்கிறது. எந்தப் பாதையில் ஓடுகிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். முதல் பாதை 400 மீற்றர் என்றால் இரண்டாவது ஏறத்தாழ 407 மீற்றர், அந்த வித்தியாசத்தை அது பார்த்துக்கொள்ளும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. திரையில் அந்தக் கணத்து வேகத்தை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒரே சீராக ஓடினாலும் அது கிலோமீற்றருக்கு 5:40 நிமிடம், 6:15 நிமிடம் என்று குதிக்கும். நடப்புக் கிலோமீற்றரின் சராசரி வேகத்தைத் திரையில் வைத்தால் மனம் அமைதியாகும். நான் அதற்கு மாறுவதற்கு முன்பு, காலையில் நடக்க வரும் பெரியவர் ஒருவர் கேட்டேவிட்டார்: “என்ன மனே, ரோட்டப் பாக்காம மணிக்கூட்டையே பாத்து ஓடுறாய்?”

நாடித்துடிப்புதான் நீளமாகப் பேச வேண்டிய விடயம். மணிக்கட்டில் பச்சை ஒளி அடித்து, தோலுக்குக் கீழே இரத்தம் ஏறி இறங்குவதை வைத்து எண்ணும் முறை இது. எந்த நிறுவனம் செய்தாலும் இதன் பலவீனம் ஒன்றுதான்: கை ஆடும்போது வரும் அதிர்வையும் துடிப்பையும் சில நேரம் பிரித்தறியாது. நிமிடத்துக்கு 165 அடி வைத்து ஓடினால், துடிப்பும் 165 என்று ஒட்டிக்கொள்ளும். இதயம் 140இல் இருக்கும், மணிக்கூடு உங்களைப் பந்தயத்தில் ஓடுபவராகக் காட்டும். பட்டியை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் தனிப் பட்டிதான். இந்த மணிக்கூடு அதை ஏற்கும். துடிப்பைப் பார்த்துப் பயிற்சி செய்பவர்கள் அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இதோடு ஒட்டியது நம்ம ஊர் வெக்கை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் ஓடினால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். தோலைக் குளிரவைக்க இரத்தத்தை அங்கே அனுப்ப வேண்டியிருக்கிறது, வியர்வையில் உடம்பின் நீரும் போகிறது. மணிக்கூட்டுக்கு வெளியில் என்ன சூடு என்று தெரியாது. அது வேகத்தையும் துடிப்பையும் மட்டும் பார்த்து, உங்கள் உடற்தகுதிக்கு அது கொடுக்கும் எண் இறங்கிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லும், இரண்டு நாள் ஓய்வெடுக்கவும் சொல்லும். மார்கழி மழையில் குளிர்ந்ததும், நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே எண் ஏறிவிடும். அந்த எண்ணை நான் இப்போது பார்ப்பதே இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் சொந்தக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதும் வீண் வேலை.

சரி, பொருள் எப்படி உழைத்திருக்கிறது? 37 கிராம்தான், கட்டியிருப்பதே தெரியாது. தொடுதிரை இல்லை, ஐந்து பொத்தான்கள். வியர்த்த விரலாலும் மழையிலும் அமுக்க முடிகிறது என்பதால் எனக்கு இதுதான் பிடித்தது. உச்சி வெயிலில் திரை இன்னும் தெளிவாகத் தெரியும். விடியற்காலை இருட்டில் மட்டும் கையைத் திருப்பி விளக்கு எரிய விட வேண்டும். பற்றரி ஜீ.பி.எஸ். ஓடினால் 20 மணித்தியாலம், சும்மா கட்டியிருந்தால் இரண்டு வாரம் என்பது நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலான நாட்களில் ஒரு மணித்தியாலம் ஓடும் எனக்கு வாரம் ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும், இப்போதும் அப்படித்தான்.

ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பட்டிக்குக் கீழே உப்புப் படிந்தால் தோல் சிவந்து கடிக்கும். அதைவிட முக்கியம், பின்பக்கச் சார்ஜ் முனைகளை நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகே வயரைச் செருகுவது. ஈரத்தோடு செருகினால் அந்தச் சின்ன முனைகள் அரிக்கத் தொடங்கும். பட்டி அறுந்தால் பயப்பட வேண்டாம். 20 மில்லிமீற்றர் அகலமுள்ள சாதாரணப் பட்டி எதுவும் பொருந்தும். கடையில் வாங்கிய மலிவுப் பட்டி ஒன்று எனக்குச் சீக்கிரமே வெடித்துப் போனது, அடுத்தது துணிப்பட்டி, அது நன்றாக இருக்கிறது.

சில நாள் போனோடு இணைக்காமல் விட்டால் செயற்கைக்கோளைப் பிடிக்கத் தாமதமாகும். ஒரு செயற்கைக்கோள் தன் இருப்பிடத்தைச் சொல்லி முடிக்கவே 30 விநாடி எடுக்கும். அந்த விவரம் போன் வழியாக முன்கூட்டியே வந்திருந்தால் காத்திருக்கத் தேவையில்லை.

உயரம் அளக்கும் காற்றழுத்தமானி இதில் இல்லை. பதுளையில் ஓடுபவருக்கு அது குறை, நமக்கு இருக்கும் ஒரே ஏற்றம் பாலம்தான். பாட்டுச் சேமிக்கவும் முடியாது. நீச்சல் தடாகத்துக்கு முறை உண்டு, கடலுக்கு இல்லை. பாசிக்குடாவில் நீந்துவதையும் பதிய நினைப்பவர்கள் வேறு ஒன்றைப் பாருங்கள். பளிச்சென்ற திரை வேண்டுமென்றால் 2024இல் வந்த ஃபோர்ரன்னர் 165 இருக்கிறது, விலையும் கூட. ஓட்டம் மட்டும்தான் என்றால் 55 போதும். பழையதாக வாங்குவதானால் ஐந்து பொத்தான்களையும் அமுக்கிப் பாருங்கள், சார்ஜ் முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் காசைக் கொடுங்கள்.