நான் எந்த சிபியுவில் இருக்கிறேன்? ஆறு வருட கெர்னல் அனுபவம்

லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல், எழுத ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு சின்னக் கேள்விதான்: இந்த நிரல் இப்போது எந்த சிபியுவில் ஓடுகிறது?

எஸ்எம்பி_பிராசஸர்_ஐடி என்ற கெர்னல் ஃபங்ஷனைக் கேட்டால் சிபியுவின் எண் வந்துவிடும். அந்த எண் எவ்வளவு நேரம் உண்மையாக இருக்கும் என்பதில்தான் சிக்கல். பிரீஎம்ப்ஷன் (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தி இன்னொன்றை ஓடவிடுவது) உள்ள கெர்னலில், அடுத்த வரிக்குப் போவதற்குள் ஷெட்யூலர் (எது எப்போது எங்கே ஓடும் என்று முடிவுசெய்யும் பகுதி) நம் டாஸ்க்கை நிறுத்தி வேறு சிபியுவில் எழுப்பிவிடலாம். கையில் இருப்பது 2, ஓடுவதோ 5-இல்.

என் முதல் டிரைவரில், யூசர் புரோகிராம் அனுப்பும் ரிக்வெஸ்ட்டுகளை எண்ண சிபியுவுக்கு ஒரு கவுண்டர் வைத்திருந்தேன். கூட்டிப் பார்த்தால் கொஞ்சம் குறையும். லேப்டாப்பில் இந்தப் பிழை ஒருமுறைகூட வராது. லோடு ஏறிய சர்வரில் மட்டும் வரும். இரண்டு வாரம் தேடினேன். அப்புறம் இந்த எண்ணைப் பாதுகாப்பில்லாமல் கேட்கும் இடங்களைக் காட்டும் டீபக்_பிரீஎம்ப்ட் கன்ஃபிகை ஆன் செய்து பூட் செய்ததும், தவறு நடக்கும் இடம் ஸ்டாக் டிரேஸோடு (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) டிமெசேஜில், அதாவது கெர்னல் லாகில், வந்து விழுந்தது. எண்ணைக் கேட்டபின் டாஸ்க் சிபியு மாறி, வேறு சிபியுவின் கவுண்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிரீஎம்ப்ஷனோ இன்டரப்ட்டோ (வன்பொருள் சிபியுவை இடைமறிக்கும் சிக்னல்) அணைந்திருந்தால், அல்லது டாஸ்க் ஒரே சிபியுவில் கட்டப்பட்டிருந்தால் அது பேசாமல் இருக்கும். இல்லையென்றால் உடனே கத்தும். எனக்கு இதைவிட உதவிய வசதி கெர்னலில் வேறில்லை.

அந்தக் கத்தலை அடக்க எஸ்எம்பி_பிராசஸர்_ஐடியின் ‘ரா’ முன்னொட்டுள்ள வடிவத்தைப் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது சோதனையை மட்டும்தான் தாண்டுகிறது, பிழை அப்படியே இருக்கும். லாகில் எண்ணை அச்சிட, எந்த க்யூவை முதலில் முயல்வது என்று தேர்ந்தெடுக்க, இப்படி எண் தவறினாலும் பரவாயில்லை என்ற இடங்களுக்கு மட்டும் அது சரி.

எண் நிஜமாகவே வேண்டுமென்றால் கெட்_சிபியு, வேலை முடிந்ததும் புட்_சிபியு. இடையில் பிரீஎம்ப்ஷன் அணைந்திருக்கும். அதனால் மியூடெக்ஸ் (ஒரு வகைப் பூட்டு) போன்ற, தூங்கக்கூடிய, அதாவது காத்திருக்கும்போது சிபியுவை விட்டுக்கொடுக்கும், எதையும் அங்கே தொடக்கூடாது. கவுண்டருக்கு இதுகூடத் தேவையில்லை. ஓடும் சிபியுவின் கவுண்டரைக் கூட்டும் திஸ்_சிபியு_இன்க் போதும். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) சிபியுக்களில் அது ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன், நடுவில் யாரும் நுழைய முடியாது. என் கவுண்டர்களை எல்லாம் அதற்கே மாற்றிவிட்டேன்.

2024-இல் 6.12 கெர்னலில் பிரீஎம்ப்ட்_ஆர்டி (குறித்த நேரத்துக்குள் பதில் தரவேண்டிய ரியல்-டைம் வேலைகளுக்கான வசதி) சேர்ந்ததும் இன்னொரு பாடம். அதில், வழக்கமாகத் தூங்காமல் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் பூட்டான சாதாரண ஸ்பின்லாக்கே தூங்கக்கூடியது. கெட்_சிபியுவுக்குள் அதைப் பிடித்திருந்த என் பழைய நிரல் தவறாகிவிட்டது. டாஸ்க் சிபியு மாறுவதைத் தடுக்கும் மைக்ரேட்_டிசேபிள் மட்டும் போட்டால் சிபியு மாறாது, ஆனால் அதே சிபியுவில் இன்னொரு டாஸ்க் நுழைந்து அதே தரவைத் தொடலாம். அந்த இடங்களில் இப்போது லோக்கல்_லாக் (அந்தந்த சிபியுவின் தரவுக்கான பூட்டு) போட்டிருக்கிறேன்.