இருபதடிக் கடை எத்தனை சென்டிமீட்டர்? வீட்டு மாடல் ரயில் ஊருக்கு என்-கேஜ், ஓஓ, ஓஓ9: ஓர் ஒப்பீடு

சுங்கை சிப்புட், பீடோர், குளுவாங் என்று மலேசியாவின் எந்தத் தோட்டப்புற ஊரை எடுத்தாலும் பெரிய ரோட்டுப் பழைய கடைவரிசை ஏறக்குறைய ஒரே அச்சுதான். இருபதடி அகலம், இரண்டு மாடி, முன்னால் ஐந்தடி நடை, பின்னால் அறுபது எழுபதடிக்கு நீளும் கட்டடம். இதை 1:150-க்குச் சுருக்கினால் ஒரு கடை 4 செ.மீ. அகலம், 1:76-க்குச் சுருக்கினால் 8 செ.மீ. ஆறு கடையும் முனையில் ஒரு கோப்பிக்கடையும் வைத்தால் முதலாவதில் 28 செ.மீ., இரண்டாவதில் 56 செ.மீ. போய்விடும். மூன்றடிக்கு இரண்டடிப் பலகையில் ஊர் கட்டப் போகிறவர் எஞ்சின் படம் பார்த்து மயங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டின் சின்ன அறைக்குள் அடங்கும் தேர்வுகள் மூன்று. முதலாவது என்-கேஜ்: தண்டவாள அகலம் 9 மி.மீ., ஜப்பானிய மாடல்கள் 1:150. அடுத்தது ஓஓ: 16.5 மி.மீ. தண்டவாளம், 1:76, பிரிட்டிஷ் வழக்கம். மூன்றாவது ஓஓ9: ஆளும் கட்டடமும் 1:76, தண்டவாளம் மட்டும் 9 மி.மீ. செம்பனைக் குலை இழுக்கும் தோட்டத்து லைட் ரயிலைக் காட்ட இந்த மூன்றாவதுதான் பொருந்தும். 12 மி.மீ. தண்டவாளம் உள்ள ஹெச்ஓஎம் என்ற இன்னொரு அளவு, நம் ஊர் மீட்டர் பாதைக்குத் துல்லியமானது. ஆனால் கிடைக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை சுவிட்சர்லாந்து மலை ரயில்கள், விலையும் கையைச் சுடும். அதை இங்கே விட்டுவிடுகிறோம்.

| | என்-கேஜ் 1:150 | ஓஓ 1:76 | ஓஓ9 1:76 |
|---|---|---|---|
| செட் தண்டவாள வளைவு, ஆரம் | 249 மி.மீ. | 371 மி.மீ. | 228 மி.மீ. |
| முழு வட்டத்துக்குக் குறைந்த ஆழம் | 52 செ.மீ. | 77 செ.மீ. | 48 செ.மீ. |
| ஒரு கடையின் அகலம் | 4 செ.மீ. | 8 செ.மீ. | 8 செ.மீ. |
| ஐந்தடி நடை | 10 மி.மீ. | 20 மி.மீ. | 20 மி.மீ. |
| 9 மீட்டர் இடைவெளிச் செம்பனை | 60 மி.மீ. | 118 மி.மீ. | 118 மி.மீ. |

இரண்டடி என்பது 61 செ.மீ. ஆக, ஓஓ வட்டம் இந்தப் பலகையில் அடங்காது. பலகையை மூன்றடி ஆழமாக்கினால் அடங்கும். அப்போது நடுவில் தடம் புரளும் பெட்டியை எடுக்கக் கை எட்டாது, நான்கு பக்கமும் நடக்க அறையில் இடமும் இருக்காது. ஓஓ வேண்டுமானால் வட்டத்தை மறந்துவிட்டு நான்கடிக்கு ஓரடி அலமாரிப் பலகைக்குப் போவதே சரி.

வட்டம் ஓடும் என்-கேஜ்

கேட்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளத் துண்டுகளின் கணக்கில் 249 மி.மீ. ஆர 45 டிகிரி வளைவு எட்டு, 248 மி.மீ. நேர்த்துண்டு இரண்டு. இவ்வளவுதான் ஒரு நீள்வட்டம். வெளியளவு ஏறக்குறைய 77க்கு 52 செ.மீ. வரும். மூன்றடிக்கு இரண்டடிப் பலகையில் முன்னும் பின்னும் நாலு செ.மீ. ஓரம் மிஞ்சும். அந்த ஓரத்தில் கை வைக்காதீர்கள். தடம் புரளும் வண்டி தரைக்குப் போகாமல் தடுப்பது அதுதான். வெளியே 282 ஆரத்தில் இன்னொரு தடம் போட்டால் அளவுநாடாவில் அடங்கும், ஆனால் ஓரம் ஒரு செ.மீ.க்குச் சுருங்கிவிடும். இரட்டைத் தடம் கட்டாயம் என்றால் உள்ளே 216 ஆரம் போடுங்கள், 33 மி.மீ. இடைவெளி அப்படியே வரும்.

இருபது மீட்டர் பெட்டி 1:150-ல் 133 மி.மீ. இருக்கும். 249 ஆரத்தில் திரும்பும்போது பெட்டியின் வயிறு உள்பக்கம் 4 மி.மீ. தள்ளும், முனை வெளிப்பக்கம் நாலரை மி.மீ. தள்ளும். பாதி அகலம் 10 மி.மீ. சேர்த்தால் நடுக்கோட்டிலிருந்து 15 மி.மீ.க்குள் பிளாட்ஃபாரமோ மின்கம்பமோ கடைத்தூணோ இருக்கக் கூடாது. நேர்தடத்தில் 11 மி.மீ. போதும். வளைவிலும் அதே 11 மி.மீ.யில் பிளாட்ஃபாரத்தை ஒட்டிவிட்டு, பெட்டியின் படிக்கட்டு உரசும்போது தண்டவாளத்தைக் குறை சொல்வதுதான் வழக்கமாக நடக்கிற கூத்து. ஒட்டுவதற்கு முன் உங்களிடம் உள்ளதிலேயே நீளமான பெட்டியின் நடுவிலும் முனையிலும் பென்சிலைக் கட்டி ஒரு சுற்றுத் தள்ளிவிடுங்கள். பலகையில் விழும் இரண்டு கோடுகளுக்கு வெளியே எதையும் கட்டலாம்.

இந்த நீள்வட்டத்தின் சுற்றளவு 2,061 மி.மீ. இடிஎஸ் மின்சார விரைவு ரயில் போல ஆறு பெட்டி வண்டி 82 செ.மீ. நீளும், பாம்பு தன் வாலைத் துரத்துகிற காட்சியாகிவிடும். மூன்று பெட்டிதான் கண்ணுக்குப் பொருந்தும். அதற்கும் 41 செ.மீ. பிளாட்ஃபாரம் வேண்டும், நேர்த்துண்டோ 25 செ.மீ. தான். மீதி வளைவுக்குள்தான் போகும். அல்லது பிளாட்ஃபாரத்தின் ஒரு முனையைக் கடைவரிசைக்குப் பின்னால் மறைத்துவிடலாம். மறைப்பதே நல்லது.

கோலாலம்பூர் எல்ஆர்டி நகர ரயில் மாதிரி ஒரு தடம் மேலே ஏறி இன்னொன்றைத் தாண்டட்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். தூண் உயரம் 50 மி.மீ., ஏற்றம் 4 விழுக்காடு என்று வைத்தால் ஏற மட்டும் 1,250 மி.மீ., இறங்க இன்னொரு 1,250. சுற்றளவே 2,061. நடக்காது. ஏற்றத்தை 6, 7 விழுக்காடாக்கினால் எஞ்சின் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். பாலம் வேண்டுமென்றால் அந்தத் தடம் முழுவதும் மேலேயே ஓடட்டும், கீழே ரோடும் கடையும் மட்டும் இருக்கட்டும்.

வண்டி விஷயத்தில் என்-கேஜுக்கு ஒரு அதிர்ஷ்டம். ஜப்பானின் 14 தொடர்ப் பெட்டிகள் சில, சக்கரத்தை 1,067 மி.மீ. பாதையிலிருந்து மீட்டர் பாதைக்கு மாற்றிக்கொண்டு மலேசிய ரயில் நிறுவனமான கே.டி.எம்.-க்கு வந்தன. ஜப்பானிய நிறுவனங்கள் அந்தப் பெட்டிகளை என்-கேஜில் செய்திருக்கின்றன. மற்ற கே.டி.எம். வண்டிகளுக்கு முப்பரிமாண அச்சுக் கூட்டையோ வேறு வண்டிக்குச் சாயம் மாற்றுவதையோதான் நம்ப வேண்டும்.

அலமாரியில் ஓஓ

இங்கே வண்டி சுற்றாது, பெட்டியைப் பிரித்துச் சேர்க்கும். பழைய ஸ்டேஷன் குட்ஸ் யார்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. இங்கிள்நுக் என்ற ஏற்பாட்டில் பாயிண்ட் (தடம் பிரியும் இடம்) இரண்டு, கிளை மூன்று. ஒரு கிளையில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் நிற்கும் தலைத்தடத்தில் எஞ்சினும் மூன்று வேகனும். மொத்தம் எட்டு வேகன். அதில் ஐந்தைக் குலுக்கல் சீட்டில் விழும் வரிசைப்படி கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் இருப்பதால் லேசில் சலிக்காது.

நாலு சக்கர வேகன் கொக்கியோடு 8.5 செ.மீ. என்று வையுங்கள். தலைத்தடம் 38 செ.மீ., முதல் பாயிண்ட் 17, அதற்குப் பின் நீளமான கிளைக்கு 43, வேகன்கள் ஒன்றையொன்று உரசாமல் ஒதுங்க 6. ஆக 104 செ.மீ. நான்கடிப் பலகையில் (122 செ.மீ.) வசதியாகவே உட்காரும். இதில் அடிக்கடி நேரும் தவறு தலைத்தடத்தை ஒரு வேகன் அளவு குறைத்துவிடுவது. ஓரிரு நாள் ஆடிய பிறகுதான் சில வரிசைகள் கூடவே மாட்டேன் என்கின்றன என்று தெரியும். அதற்குள் தண்டவாளத்தைச் சுற்றிக் கற்கள் ஒட்டிக் காய்ந்திருக்கும்.

பின்புறக் கடைவரிசைக்கு ஓரடி ஆழத்தில் முழுக் கட்டடம் வைக்க இடமில்லை. 1:76-ல் ஒரு கடையின் நீளமே 24 முதல் 28 செ.மீ. முகப்பை மட்டும் நாலு செ.மீ. ஆழத்தில் செய்து சுவரில் சாய்த்தால் போதும். ஓஓவின் அருமை அங்கேதான் தெரியும். ஐந்தடி நடை 20 மி.மீ. வரும்; அதற்குள் ஒரு பளிங்கு மேசையும் இரண்டு நாற்காலியும் போடலாம். பெயர்ப்பலகையில் ஓரடி உயர எழுத்து 4 மி.மீ. ஆகும். 'ற'வின் வளைவும் மெய்யெழுத்தின் புள்ளியும் வீட்டு அச்சுப்பொறியிலேயே பிரிந்து தெரியும். என்-கேஜில் அதே எழுத்து 2 மி.மீ.; இன்க்ஜெட்டில் மை பரவி 'ண'வும் 'ன'வும் ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும், லேசர் அச்சுக்குப் போக வேண்டும். மலாய், சீனம், தமிழ் மூன்றும் இருக்கிற பலகை இல்லாமல் மலேசியக் கடைவரிசை ஏது?

பாதை அகலத்திலும் ஓஓ கொஞ்சம் முந்துகிறது. நம் நிஜப் பாதை 1,000 மி.மீ. என்-கேஜின் 9 மி.மீ.யை 150-ஆல் பெருக்கினால் 1,350; ஓஓவின் 16.5-ஐ 76-ஆல் பெருக்கினால் சுமார் 1,255. இரண்டுமே அகலம்தான், ஆனால் என்-கேஜில் வண்டி கால் பரப்பி நிற்பது கூடுதலாகத் தெரியும்.

ஓஓ9 யாருக்கு?

9 மி.மீ. தண்டவாளம் 1:76-ல் சுமார் 685 மி.மீ. பாதையைக் காட்டும், அதாவது தோட்டத்து ரயில். தெலுக் இந்தான் பக்கத்து ஜெண்டராட்டாவில் அப்படிப்பட்ட குறும்பாதை ரயில் உண்டு. கடை, லயத்து வீடு, குலை ஏற்றும் தொட்டி எல்லாம் கண்ணுக்கு நிறைவான அளவில் இருக்க, வளைவு மட்டும் என்-கேஜ் அளவுக்குச் சிறுக்கும். குட்டி எஞ்சினுக்கு டோமிக்ஸ் என்ற ஜப்பானிய தயாரிப்பின் 140, 103 மி.மீ. மினி வளைவுகூடப் போதும்.

கஷ்டம் செம்பனையில்தான். நிஜத்தில் 9 மீட்டர் இடைவெளி என்றால் இங்கே மரத்துக்கு மரம் 12 செ.மீ. பத்து மரம் நட்டாலே கால் பலகை போய்விடும். முன்வரிசையில் முழு மரம் நாலு, பின்னால் சிறியதாக வெட்டிய மட்டைகள், அதற்கும் பின்னால் அச்சடித்த படம் என்று கண்ணை ஏமாற்ற வேண்டும். ஊரே வேண்டும், தோட்டம் ஓரமாக இருந்தால் போதும் என்பவருக்கு ஓஓ9 சரிப்படாது.

சீதோஷ்ணமும் சாம்பிராணியும்

அளவு முடிவானாலும் ஒரு வருடம் கழித்து வண்டி ஓடுமா என்பதை நம் ஊர் ஈரக்காற்றுதான் சொல்லும். இதில் ஓஓ தெளிவாக மேல். எஞ்சின் கனம், சக்கரம் பெரிது, கொஞ்சம் அழுக்கிலும் மின்சாரம் பிடித்துவிடும். என்-கேஜ் எஞ்சின் லேசானது. தண்டவாளத்தில் மெல்லிய படலம் விழுந்தாலே திணறும், குறிப்பாகப் பாயிண்டைத் தாண்டும்போது. சாமி மேடையில் விளக்கும் சாம்பிராணியும் ஏற்றும் ஹாலில் அந்தப் படலம் சில நாளிலேயே விழும், அடுப்படி எண்ணெய்ப் புகையும் அப்படித்தான். காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தண்டவாளத்தில் ஓட்டிப் பாருங்கள். கறுப்புக் கோடு வந்தால் 99 விழுக்காடு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கவும். உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு இன்னும் நன்றாகத் தங்கும். எஃகுக் கம்பளியின் இழையோ மோட்டார்க் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பலகைக்கு எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) வேண்டாம், மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும். 9 மி.மீ. பிளைவுட்டின் அடியில் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் வெட்டிய ஓரங்களிலும் சாயம் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பூசாத பக்கம் ஈரம் குடித்து வளையும். 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டியான நுரைப்பலகை) வளையாது, கறையானுக்குத் தீனியும் அல்ல. ஆனால் தின்னர் கலந்த பசையும் ஸ்ப்ரே சாயமும் பட்டால் கரைந்து குழியாகும். ஃபோமைப் பிளைவுட்டில் வெள்ளைப் பசையால் ஒட்டினால் நடுவில் காற்று போகாமல் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அக்ரிலிக் சீலண்ட் பூசி மேலே நாலு அரிசி மூட்டை வைத்தால் மறுநாள் பிடித்திருக்கும்.

எறும்பு பாயிண்டைத் திருப்பும் மோட்டாருக்குள் குடியேறும். மேசைக்காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பாட்டி காலத்து யோசனை இங்கே ஆபத்து: ஏடிஸ் கொசுப்புழு வைத்தால் சுகாதார அதிகாரி அபராதம் எழுதிவிடுவார். காலைச் சுற்றி கிரீஸ் தடவுவதே போதும். பல்லி எச்சத்துக்கு மேலே ஒரு பழைய வெள்ளை வேட்டி.

மின்சாரத்தில் மூன்றுக்கும் 12 வோல்ட் டிசி, ஒரு ஆம்பியர் போதும். ஜப்பானில் விற்கும் கண்ட்ரோலரின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. மூன்று முள் பிளக்கில் ஒரு மாற்றி செருகி அப்படியே நம் 230 வோல்ட்டில் போட்டால் புகைதான் வரும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதைவிட, 12 வோல்ட் டிசி அடாப்டரில் ஓடும் கண்ட்ரோலர் வாங்குவது மலிவு. இடி இடிக்கும் சாயங்காலத்தில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

வண்டி ஓடுவதைக் கோப்பியோடு பார்த்துக்கொண்டிருக்க விரும்புகிறவருக்கு என்-கேஜ், 249 ஆரம், மூன்று பெட்டி. கடைவரிசையையும் எழுத்தையும் கிட்ட நின்று ரசிப்பவருக்கும், வீட்டில் சாம்பிராணிப் புகை நிற்காதவருக்கும் ஓஓ அலமாரி. ஓஓ9-ஐ முதல் பலகையாக எடுக்க வேண்டாம். முதலில் என்-கேஜ் வாங்கியவர், பின்னால் மனம் மாறினால் அதே 9 மி.மீ. தண்டவாளத்தையும் கண்ட்ரோலரையும் வைத்துக்கொண்டு, குட்டி எஞ்சினின் அடிப்பாகத்துக்கு மேல் 1:76 கூட்டைப் பொருத்தி ஓஓ9-க்குத் தாவலாம். ஓஓவிலிருந்து அப்படித் தாவ வழியில்லை; கட்டடங்கள் மட்டும்தான் கூட வரும்.