ஷென்சென்ல வீடு: கேட் போட்ட டவரா, ஊருக்குள்ளயா? ரெண்டுலயும் இருந்து பார்த்துட்டு எழுதறேன்

தெற்கு சீனாவுல இருக்குற ஷென்சென்ல வேலை கிடைச்சு வர்ற நம்ம ஆளுங்க முதல்ல கேக்குறதே வீடு எங்க பாக்குறதுன்னுதான். நான் ரெண்டரை வருஷம் கேட் போட்ட டவர்ல 27வது மாடியில இருந்தேன். 2019 கடைசியில ஷியாஷாங்கிற ஊருக்குள்ள 6வது மாடிக்கு மாறினேன், இன்னும் அங்கதான் இருக்கேன். அதனால நான் எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடறேன், ஊர்ப் பக்கம்தான்.

ஊருன்னா என்னன்னு கேப்பீங்க. சீனாக்காரங்க செங்ஜோங்சுன்னு சொல்லுவாங்க, நகரத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்ட கிராமம். 1980ல ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆச்சு, கொஞ்சம் கொஞ்சமா வயலையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, ஆனா ஊர்க்காரங்க குடியிருந்த மனைய அவங்ககிட்டயே விட்டுட்டாங்க. வயல் போயிடுச்சு, மனை மட்டும் இருக்கு, வெளி மாகாணத்துல இருந்து லட்சக்கணக்குல ஆளுங்க வேலைக்கு வந்து இறங்குறாங்க, அப்புறம் என்ன, ஆளாளுக்கு மனைய முழுசா வளைச்சு 6, 7, 8 மாடின்னு எழுப்பி வாடகைக்கு விட்டுட்டாங்க. ஜன்னல் வழியா கைய நீட்டினா எதிர் வீட்டுக்காரர் கையப் பிடிச்சு குலுக்கலாம், அதனால அதுக்கு பேரே கைகுலுக்குற பில்டிங்தான். 2020 கணக்கெடுப்புல 1.75 கோடிப் பேர் வந்த நகரம் இது, வாடகைக்கு இருக்குறவங்கள்ல பெரிய பங்கு இந்த ஊர்கள்லதான் இருக்கு.

டவர்னா, சீனாக்காரங்க ஷியாவ்ச்சூன்னு சொல்ற குடியிருப்பு. சுத்தி வேலி, கேட்ல செக்யூரிட்டி, உள்ள மரம், குழந்தைங்க விளையாட இடம், 33 மாடிக் கட்டடங்க வரிசையா நிக்கும். நிறைய டவர் சரியா 33லயே நிக்குறதுக்குக் காரணம் இருக்கு, 100 மீட்டரைத் தாண்டினா தீயணைப்பு விதிங்க ரொம்பக் கடுமை ஆயிடும், கட்டுற செலவும் ஏறிடும்.

எல்லாருக்கும் தெரிஞ்சத வேகமா சொல்லிடறேன். வாடகை ஊருக்குள்ள பாதிதான், நான் டவர்ல 5,200 யுவான் குடுத்தேன், இங்க வந்தப்ப 2,300. வெளிச்சம், காத்து, லிஃப்ட், அமைதி எல்லாம் டவர் பக்கம். வாங்கணும்னு நினைச்சா ஊர் வேண்டவே வேண்டாம், அங்க ஊர்க்காரங்க கட்டின வீட்டுக்கு பெரும்பாலும் ஒழுங்கான பத்திரம் கிடையாது.

நான் மாறினதுக்கு உண்மையான காரணம் இதுல எதுவுமே இல்ல. நடக்குற தூரம்தான்.

டவர்ல இருந்தப்ப என் பால்கனியில நின்னா மெட்ரோ வாசல் கண்ணுக்கு நேரா கீழ தெரியும். மேப்ல 200 மீட்டர். ஆனா அந்தப் பக்கம் முழுக்க வேலி, கேட் எதிர்த் திசையில, சுத்திக்கிட்டுப் போனா 900 மீட்டர், நடுவுல ஒரு பெரிய ரோடு, அதுக்கு ஒரு நடைமேம்பாலம், ராத்திரி 11க்கு மேல மூணு கேட்ல ரெண்ட பூட்டிடுவாங்க. காலையில லிஃப்ட்டுக்கு நிக்குற நேரத்தையும் சேர்த்தா ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு திரும்ப 25 நிமிஷம். ஒரு நாள் ரெண்டு நாள்னா தெரியாது. ஒரு வருஷம் ஆனதும் நான் கீழ இறங்குறதையே விட்டுட்டேன், எல்லாம் ஆப்ல ஆர்டர், எல்லாம் வாசலுக்கு வரும், பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னுகூட தெரியாம ரெண்டரை வருஷம் ஓடிடுச்சு.

இது அந்த ஒரு காம்ப்ளெக்ஸோட தப்பு இல்ல. சீனாவுல நகரம் வளர்ந்த விதமே அப்படி. 1987 டிசம்பர் 1ஆம் தேதி சீனாவோட முதல் பொது நில ஏலம் இதே ஷென்சென்லதான் நடந்துச்சு, 8,588 சதுர மீட்டர் 52.5 லட்சம் யுவானுக்குப் போச்சு. அதுக்கப்புறம் நிலத்த குத்தகைக்கு விட்டு வர்ற பணம்தான் நகராட்சிகளோட பெரிய வருமானம் ஆச்சு. வித்தா பெரிய துண்டா விக்குறதுதான் அவங்களுக்கு லாபம், வெளிய நாலு பக்கம் அகல ரோடு மட்டும் போட்டாப் போதும், உள்ள ரோடு, மரம், விளக்கு எல்லாம் பில்டர் தலையில. சோவியத் பாணியில வந்த தொழிற்சாலைக் குடியிருப்புப் பழக்கமும் இதுக்குத் தோதா இருந்துச்சு, சுவருக்குள்ளயே வாழ்ந்து பழகினவங்க அவங்க. ஒரு துண்டோட பக்கம் 400, 500 மீட்டர்னு வந்துடும். கணக்கு சிம்பிள்தான். 500 மீட்டருக்கு ஒரு ரோடுன்னு கட்டம் போட்டா ஒரு சதுர கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர் ரோடு, 250க்கு ஒண்ணுன்னா 8 கிலோமீட்டர். ரோடு கம்மியா இருந்தா வண்டியெல்லாம் இருக்குற நாலு ரோட்டுலயே குவியும், அதுக்காக அத இன்னும் அகலமாக்குவாங்க, அகலமானா மனுஷன் குறுக்க கடக்க முடியாது, பாலம் ஏறணும்.

மேல இருக்குறவங்களுக்கும் இது புரிஞ்சுதான் இருக்கு. 2016 பிப்ரவரியில மத்தியில இருந்தே ஒரு வழிகாட்டுதல் வந்துச்சு, இனிமே கேட் போட்ட குடியிருப்பு கட்டாதீங்க, இருக்குறதையும் படிப்படியா திறந்து விடுங்க, குறுகலான ரோடு நெருக்கமா போடுங்க, சதுர கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் ரோடு வரணும்னு. வீட்டுக்காரங்க கொதிச்சுட்டாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, அப்ப இருந்த 2007 சொத்துச் சட்டப்படி உள்ள இருக்குற ரோடு அவங்களுக்குச் சொந்தம், வீட்டு விலையில அதுக்கும் சேர்த்துத்தான் குடுத்திருக்காங்க. நான் இருந்த வேலி இன்னும் அப்படியேதான் நிக்குது.

இப்ப ஷியாஷாவுக்கு வாங்க. பின்ஹே பெருஞ்சாலைக்குத் தெற்க, செகோங்மியாவ் மெட்ரோவுக்குப் பக்கம், 1, 7, 9, 11னு நாலு லைன் சேர்ற ஸ்டேஷன் அது. எங்க சந்து அகலம் ரெண்டு பேர் தோளோட தோள் உரசாம போற அளவுதான். ஆனா 30, 40 அடி வெச்சா ஒரு திருப்பம், எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி இருக்கு, எந்த வழியும் அடைபடல. வாசல்ல இறங்கினா இடது பக்கம் சாவி போடுறவர், அடுத்து ஹுனான்காரங்க சாப்பாட்டுக் கடை, எதிர்ல சாவ்ஷான் பகுதியில இருந்து வந்த ஒரு அம்மா காலையில ஆறு மணிக்கே சாங்ஃபென்ங்கிற அரிசி மாவு ரோல் போடுவாங்க. மாவை தட்டு மாதிரி இருக்குற ட்ரேல ஊத்தி, முட்டைய உடைச்சு மேல பரப்பி, ஆவிப் பெட்டிக்குள்ள தள்ளி, வெந்ததும் ஸ்க்ரேப்பரால சுருட்டி எடுத்துக் குடுப்பாங்க, ஒரு நிமிஷம்கூட ஆகாது, நம்ம இடியாப்பத் தட்டுல இருந்து வர்ற அதே அரிசி ஆவி வாசனை. பால், காய்கறி, தையக்காரர், மருந்துக்கடை எல்லாம் 150 மீட்டருக்குள்ள. மெட்ரோவுக்கு ஏழு நிமிஷம். ஊருக்கு நடுவுல ஹுவாங் குலத்தாரோட மூதாதையர் கோயிலும் பெரிய மைதானமும் இருக்கு, சாயங்காலம் பாட்டு போட்டு ஆடுறவங்க, பேரன வண்டியில வெச்சுத் தள்ளுற தாத்தாக்கள், வேலை முடிஞ்சு சும்மா உக்காந்திருக்குற டெலிவரி பசங்கன்னு எல்லாரும் ஒரே இடத்துல. எந்த பிளானரும் உக்காந்து வரைஞ்சது இல்ல இது, பழைய ஊர் வழித்தடத்து மேலயே மாடி ஏறியிருக்கு, அதனாலதான் இவ்வளவு நடக்க முடியுதுன்னு நான் நம்புறேன்.

குறையும் சொல்லணும், அதுவும் சின்னக் குறை இல்ல. தீ பிடிச்சா சந்துக்குள்ள பெரிய தீயணைப்பு வண்டி வராது, அந்த பயம் எனக்கு இப்பவும் இருக்கு, வந்த முதல் வாரமே தீயணைப்பானும் புகை அலாரமும் வாங்கி வெச்சேன். லிஃப்ட் இல்ல. மார்ச் வாக்குல தெற்குல இருந்து ஈரக்காத்து அடிக்கும்போது சுவரெல்லாம் வேர்த்துக் கொட்டும், துணி நாலு நாள் ஆனாலும் காயாது, டவர்லயும் இது உண்டுதான் ஆனா அங்க காத்தோட்டம் இருக்கும். கரன்ட்டுக்கும் தண்ணிக்கும் வீட்டுக்காரங்க கூடுதலா வெச்சு வாங்குவாங்க. 2022 மார்ச்ல கொரோனாவுக்காக நகரத்தையே ஒரு வாரம் அடைச்சப்ப எங்க ஊரைச் சுத்தியும் தடுப்பு வெச்சாங்க, அந்த நாள்ல டவர்ல இருந்திருக்கலாமேன்னு உண்மையாவே ஏங்கினேன்.

இதுக்கெல்லாம் மேல, ஊர் எப்ப வேணா போயிடலாம். பைஷிஜோவ் பெரிய ஊர், சுமார் 1.5 லட்சம் பேர் இருந்ததா சொல்லுவாங்க, 2019ல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நஷ்ட ஈடு மனைக்காரங்களுக்கு, வாடகைக்கு இருந்தவங்க சாமானக் கட்டிக்கிட்டு கிளம்ப வேண்டியதுதான். பசங்க பள்ளிக்கூடம் நடுவுல மாட்டிக்கிச்சு. அத நினைச்சா எனக்கு இப்பவும் மனசு ஆறல.

நடுவழியும் ஒண்ணு இருக்கு. ஷுயிவெய் ஊர்ல 29 கைகுலுக்குற பில்டிங்க இடிக்காம புதுப்பிச்சு 504 வீடு ஆக்கினாங்க, சந்துக்குள்ளயே லிஃப்ட் நட்டு, பில்டிங்க பாலத்தால இணைச்சு, மொட்டை மாடியத் தோட்டம் ஆக்கி. போய்ப் பார்த்தேன், கீழ கடைத்தெரு அப்படியே உயிரோட இருக்கு. ஆனா அது அரசாங்கம் கம்பெனி ஊழியர்களுக்குன்னு ஒதுக்குறது, எல்லாருக்கும் கிடைக்காது. அங்க தங்கி நான் பார்த்ததும் இல்ல.

குழந்தையோட வர்றவங்களுக்கு என் பேச்சு எவ்வளவு தூரம் பொருந்தும்னு உறுதியா சொல்ல முடியல, நான் தனி ஆள். கூட வேலை பாக்குற ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்காகவே டவர் வாங்கினாரு, அவர் எடுத்த முடிவு அவருக்கு சரிதான். பெய்ஜிங் மாதிரி வடக்கு நகரம்னா கதையே வேற, அங்க குளிர்காலத்துல வீட்டுக்குள்ள வெயில் விழுறதுதான் முதல் கணக்கு.

ஊருக்குள்ள பாக்குறதுன்னா மத்தியானம் 12 மணிக்குப் போங்க, லைட்ட அணைச்சுட்டு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, பேப்பர் படிக்க முடியலைன்னா வேற ரூம் பாருங்க. 4வது மாடிக்குக் கீழ எடுக்காதீங்க. வெளிநாட்டுக்காரங்க 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல தங்குமிடம் பதியணும், அதுக்கு வீட்டுக்காரங்க ஒத்துழைப்பாங்களான்னு முன்பணம் குடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, ரெண்டு இடத்துல எனக்கு அதுலதான் தட்டிப்போச்சு. இப்ப இருக்குற வீட்டோட சொந்தக்கார அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும், நான் கேட்டதும் குடைய எடுத்துக்கிட்டு என்கூடவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தாங்க, எட்டு நிமிஷம்.