நிட்டிங் பழக யூடியூபா, புத்தகமா, மாடி வீட்டு அக்காவா?

இரண்டு ஊசிகளால் நூலைப் பின்னும் நிட்டிங்கைப் பழக ஆசைப்படுபவர்கள் முதலில் தேடிப்போவது யூடியூபைத்தான். அது சரியும்கூட. நூல் ஊசியை எப்படிச் சுற்றி எப்படி வெளியே வருகிறது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதினாலும் விளங்காது, கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் வீடியோவில் ஒருவர் நூலை வலது கையில் பிடித்து ஊசியில் சுற்றுவார். அது இங்கிலீஷ் முறை. இன்னொருவர் இடது கையில் பிடித்து ஊசி முனையால் கொத்தி இழுப்பார். அது கான்டினென்டல் முறை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் கை குழம்பிவிடும். ஒரே ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோ என்றால் இன்னும் நல்லது, நம் கை தெரிவதுபோலவே தெரியும். வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

புத்தகம் முதல் வாரத்துக்கு ஆகாது. அப்புறம், ஒவ்வொரு வரிசையாக எண்ணிப் பின்னும்போது, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதைவிட மடியில் விரித்து வைத்த பக்கம் எவ்வளவோ மேல். ஊசி எண்ணில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அமெரிக்கப் புத்தகத்தில் 8ஆம் எண் என்றால் 5 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் கணக்கில் அதே 8 என்பது 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும், பிரிட்டிஷ் கணக்கில் மெலியும். மி.மீ. பார்த்து வாங்குங்கள்.

பின்னுபவர்களுக்காக 2007இல் தொடங்கிய ரேவல்ரி இணையதளத்தில் சேரக் காசு வேண்டாம், இலவச டிசைன்களும் ஏராளம். ஒரே டிசைனைப் பலர் பின்னிய படங்களைக் குறிப்புகளோடு பார்க்கலாம். ஆனால் ஒரு மஃப்ளராவது முடித்துவிட்டுப் போங்கள்; முதல் நாளே போனால் மலைத்துவிடுவீர்கள்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட உயர்ந்தது பக்கத்தில் உட்காரும் ஓர் ஆள். நான் ஊசியில் 20 ஸ்டிச் (நூல் கண்ணி) போட்டு ஆரம்பித்தது, நாலைந்து வரிசையில் 24 ஆகிவிட்டது. எந்த வீடியோவைப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. மாடி வீட்டு அக்கா ஊசியை வாங்கி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "வரிசை ஆரம்பிக்கும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னாடி போட்டிருக்கே. முதல் ஸ்டிச் இழுபட்டு ரெண்டாத் தெரியுது, நீ ரெண்டையும் பின்னிட்டே. நூலைக் கீழ்ப்பக்கமாக் கொண்டுபோ," என்றார். அரை நிமிடம்தான் ஆனது.

அப்படி ஒருவர் கிடைத்தால், வெளிர் நிற நூலில் பின்னியதை எடுத்துக்கொண்டு போங்கள். கறுப்பு நூலில் எந்த ஸ்டிச் நழுவியது என்று பழகிய கண்ணுக்கே சட்டென்று தெரியாது.