நீ யார் வீட்டுப் பிள்ளை?

பேத்தி பிறந்ததும் இரண்டு பக்கத்து வம்சாவளியையும் எழுதிவைக்க ஆசை வந்தது. எங்கள் பக்கம் நான்கு தலைமுறையோடு நின்றுவிட்டது. மருமகன் கனடாக்காரர். அவருடைய முன்னோர் 1851இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலிருந்து கப்பலேறி, க்யூபெக் பக்கம் குடியேறியவர்கள். குடும்பக் குறிப்பேட்டில் இருந்தது ஒரே வரி: டொனால்ட் மெக்லவுட், மனைவி கேத்தரின், மூத்த மகன் ஜான், பார்வாஸ் பங்கு (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்களுக்கு அந்தப் பெயர்). முப்பது வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்தவனுக்கு இது ஒரு வேலையா என்று இறங்கினேன்.

வழி இரண்டு. ஒன்று, ஸ்காட்லாந்து அரசின் ஆவணத் தளமான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள். மற்றது, தீவுக்காரர்கள் தாங்களே திரட்டி வைத்திருப்பவை: கிராம வரலாற்றுச் சங்கங்கள், அவற்றின் சேகரிப்பை இலவசமாகத் தரும் இணையதளமான ஹெப்ரிடியன் கனெக்‌ஷன்ஸ், பில் லாசன் பல பத்தாண்டுகள் தொகுத்த குடும்ப விவரங்களைக் கட்டணத்துக்குத் தரும் ஹெப்ரிடிஸ் பீப்பிள். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளமும் உண்டு, பெயர் அட்டவணை இலவசம். ஆனால் மூலப் பக்கத்தைப் பார்க்க எப்படியும் அரசுத் தளத்துக்குத்தான் வரவேண்டும்.

அரசுத் தளத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் கட்டாயப் பதிவு. இறப்புப் பதிவில் தந்தை பெயரும், தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும். ஒரு சாவுப் பதிவைப் பிடித்தால் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். நான் வாங்கியபோது பதிவுப் பக்கம் ஒன்றுக்கு ஒன்றரை பவுண்டு. லூயிஸை ராஸ் மாவட்டத்திலும், ஒட்டிக்கிடக்கும் ஹாரிஸை இன்வர்னெஸ் மாவட்டத்திலும் தேடவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் ஆள் 1855க்குப் பிறகும் தீவிலேயே இருந்தவர் என்றால் நேராக அங்கே போகலாம்.

எங்கள் ஆள் நான்கு வருடம் முந்திவிட்டார். சீனத்து அபின் வணிகத்தில் சம்பாதித்த ஜேம்ஸ் மேத்சன் 1844இல் தீவை விலைக்கு வாங்கினார். 1846இல் உருளைக்கிழங்கு அழுகியது. குத்தகை பாக்கி ஏற, 1851இலிருந்து குடிகளைக் கனடாவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஆகவே எனக்கு மிஞ்சியவை 1841, 1851 கணக்கெடுப்புகளும் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும்தான். 1841 கணக்கெடுப்பில் பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பது கிடையாது. 1851 தேவலாம், உறவுமுறை உண்டு. அதில் ஒரு டொனால்ட் அகப்பட்டார். மனைவி கேத்தரின், மூத்தவன் ஜான். அவரைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் பக்கம் பக்கமாக வாங்கினேன். பிறகு பார்த்தால் 1861 கணக்கெடுப்பிலும் அதே ஊரில், அதே வீட்டில் இருக்கிறார்! கனடா போனவர் எப்படி அங்கே உட்கார்ந்திருப்பார்?

சிக்கல் பெயரில். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் என்பது அங்கே வழக்கம். நமக்கு இது புதிதல்ல. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே பெயரன், பேரன். ஆனால் அங்கே குடும்பப் பெயர்கள் கைவிரல் கணக்கில் அடங்கும். இரண்டு பாட்டன்களும் டொனால்ட் என்றால் பிள்ளைகள் இருவரும் டொனால்ட்தான். போதாக்குறைக்கு, வீட்டில் தீவின் மொழியான கேலிக்கில் ஒரு பெயர், பதிவேட்டில் ஆங்கிலப் பெயர். டோர்மட் என்பவர் நார்மன் ஆகிவிடுவார்.

ஊருக்குள் இந்தக் குழப்பம் கிடையாது. தகப்பன் பெயர், பாட்டன் பெயர், வேண்டுமானால் ஒரு பட்டப்பெயர் என்று அடுக்கித்தான் ஆளைச் சொல்வார்கள். நம் இனிஷியலை ஒரு தலைமுறை நீட்டினால் அதுதான். புதியவரைக் கண்டால் கேலிக்கில் கேட்கும் கேள்வியே ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்பதுதான். அதற்கும் மேலாக, க்ராஃப்ட் எனப்படும் குத்தகைத் துண்டுநிலத்துக்கு ஊர்தோறும் எண் உண்டு. ஆள் பெயர் மாறும், எழுத்துக்கூட்டல் மாறும், சர்வே எண் மாறாது என்று என் அலுவலகத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். தீவுச் சங்கங்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் எந்த நிலத்தில் யார் இருந்தார்கள், யார் மகன், எங்கே போனார்கள் என்று சேர்த்திருக்கின்றன. நெஸ் வட்டாரத்துச் சங்கம் 1977இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. என் ஓட்டு இவர்களுக்குத்தான்.

(இடையில் ஒன்று: தமிழகத்து ஊர் வரலாறுகளையெல்லாம் திரட்டிய காலின் மெக்கன்சி இந்தத் தீவின் ஸ்டோர்னோவேயில் பிறந்தவர். அவர் சேர்த்த சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னையில் இருக்கிறது. அவர் நம் ஊர்க் கதையைத் தேடினார், நான் அவர் ஊர்க் கதையைத் தேடுகிறேன், கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.)

பார்வாஸ் பகுதிச் சங்கம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினேன். எட்டு வரியில் பதில் வந்தது. நில எண், தகப்பன் ஜான், பாட்டன் டொனால்ட். அந்த வீட்டில் டொனால்ட் இருவர். இளையவர் மனைவி மக்களோடு கனடா போனார். மூத்தவர் ஊரிலேயே இருந்தார். இருவர் மனைவியரும் கேத்தரின். தலைப்பிள்ளைக்குத் தங்கள் தகப்பன் பெயரை வைத்ததால், இருவர் வீட்டிலும் ஒரு ஜான்.

ஆனால் ஊர் நினைவைப் பதிவான பத்திரம் போல அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கிராமமே காலியான இடங்களில் அந்த நினைவும் கப்பலேறியிருக்கும். கத்தோலிக்கத் தீவான பாராவில் பதிவேடுகளின் கதை வேறு. ஸ்காட்லாந்தின் மற்ற தீவுக்கூட்டங்களான ஆர்க்னி, ஷெட்லாந்து பக்கம் நான் போகவே இல்லை. என் தீர்ப்பு அங்கே செல்லுமா என்று கேட்காதீர்கள்.

பதில் வந்த அன்றிரவு, தவறாக வாங்கிய பக்கங்களை மறுபடி விரித்தேன். அவற்றில் மூத்த டொனால்டின் இறப்புப் பதிவு இருந்தது. தகப்பன் ஜான், தாய் பெயரும் அவள் பிறந்தவீட்டுப் பெயரும் தெளிவாக. அண்ணனுக்குத் தாய் என்றால் தம்பிக்கும் தாய்தானே. நான் தேடிய பெயர் மூன்று மாதமாக என் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடந்திருக்கிறது.