ரியூப் அம்பிளிபயர் திருத்தக் கொடுக்கிறவர்கள் கவனம், எனக்கு 38,500 ரூபா போச்சு

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் ரியூப் அம்பிளிபயரில் (கண்ணாடிக் குழாய்களால் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியில்) கிற்றார் வாசிக்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேராவது இதைக் கட்டாயம் வாசியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன். இப்போது கை நடுங்குகிற கோபத்தில் இருக்கிறேன்.

என் அம்பிளிபயரில் வாசிக்கும்போது பின்னால் வானொலி மெல்லிசாகக் கேட்கும். தேவாலயத்தில் பாட்டுக்கு நடுவே செய்தி வாசிப்பு வந்தால் எப்படி இருக்கும்? இன்புட் பக்கத்தை, அதாவது கிற்றார் சத்தம் உள்ளே நுழைகிற இடத்தை, மாற்றினால் சரியாகிவிடும். 68 கிலோ ஓம் ரெசிஸ்டரை (மின்தடையை) முதல் ரியூபின் கிரிட் காலோடு, அதாவது கிற்றார் சிக்னல் ரியூபுக்குள் போகிற காலோடு, ஒட்டி வைத்து, கிற்றார் வயர் செருகும் ஜாக்கிலிருந்து அதுவரை ஷீல்ட் வயர் (வெளிச் சத்தம் புகாமல் உலோக வலை சுற்றிய வயர்) இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முகநூலில் விளம்பரம் போடுகிற ஒரு திருத்தக் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த ஆள் பின்மூடியைக் கழற்றி, அம்பிளிபயரை ஓட விட்டு, முதல் ரியூபைப் பென்சிலால் மெல்லத் தட்டினார். ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரிக் கேட்டது. "பார்த்தீங்களே தம்பி, ரியூபும் போட்டுது" என்றார். கிரிட், கத்தோட் என்று ரியூபின் உறுப்புகள் எல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. ரியூபோடு சேர்த்து 38,500 ரூபா, முழுவதும் முற்பணம். பில் கேட்டேன். "நானும் மாங்குளத்து ஆள்தான் தம்பி, எங்கடை பெடியனிட்டைப் பிழையா எடுப்பனே?" என்றார்.

சாமான் கொழும்பிலிருந்து வரவேணும் என்று இழுத்தடித்து ஒருவழியாகத் தந்தார். கடையில் கிற்றாரைச் செருகி வாசித்துக் காட்டினார், நன்றாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து கிற்றார் வயரைக் கழற்றினேன், ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி உறுமியது. திரும்பச் செருகி வொல்யூமைத் திருகினால் கரகர என்கிறது. வானொலியோ முன்பைவிடச் சத்தமாகக் கேட்கிறது!

போன் எடுத்தேன். "உங்கட பக்கத்துக் கரண்ட் சரியில்லை தம்பி." அடுத்த முறை, "புது ரியூப், கொஞ்சம் பழக வேணும்." அதற்குப் பிறகு வட்ஸ்அப்பில் நீலக்கோடு விழும், பதில் வராது. நேரில் போனால் கடைப் பெடியன் "முதலாளி கொழும்புக்குப் போட்டார்" என்கிறான். முதலாளியின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் எலெக்ட்ரோனிக் வேலை தெரிந்த நண்பன் திறந்து பார்த்தான். 68 கிலோ ஓம் ரெசிஸ்டரை வெட்டி எடுத்திருக்கிறார்கள், வெட்டிய கால்கள் அப்படியே நிற்கின்றன. ஜாக்கிலிருந்து கிரிட்டுக்குச் சாதாரண வயர். கிரிட்டைத் தரையோடு (எர்த்) இணைக்கும் 1 மெகா ஓம் ரெசிஸ்டரையும் காணவில்லை. கிற்றார் செருகியிருக்கும்போது அதன் பிக்கப் (தந்தி அதிர்வைப் பிடிக்கும்) சுருள் வழியாக கிரிட்டுக்குத் தரை கிடைத்துவிடும், அதனால்தான் கடையில் நன்றாகப் பாடியது. வயரைக் கழற்றினால் கிரிட் அந்தரத்தில் தொங்கும், அதுதான் அந்த உறுமல். 'புது' 12ஏஎக்ஸ்7 ரியூபின் எழுத்து தேய்ந்து, உச்சியின் வெள்ளிப் பூச்சு ஓரத்தில் பழுப்பேறிக் கிடக்கிறது, பாவித்த பழைய ரியூப். சில ரூபா ரெசிஸ்டரைக்கூடப் போடாமல் 38,500 ரூபா! எங்கள் பக்கத்தில் அந்தக் காசைச் சேர்க்க எவ்வளவு பாடு என்று அந்த ஆளுக்குத் தெரியாதா?

சரி, சொன்னபடி எழுதுகிறேன். பில் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய ரியூபையும் ரெசிஸ்டரையும் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே கிற்றார் வயரைக் கழற்றிவிட்டும் கேட்டுப் பாருங்கள். ஆத்திரத்தில் நீங்களே திறந்துவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கப்பாசிற்றர்களில் 300, 400 வோல்ட் நிற்கும், ஆளையே கொல்லும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நாளைக் காலையில் நான் அதற்குத்தான் அழைக்கப் போகிறேன். இதே கடையில் காசு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.