ஹார்ட்ஸ்டேல் செல்லப்பிராணிக் கல்லறை: எங்கள் மணிக்கும் போர் நாய்க்கும் ஒரே மரியாதை

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, வெஸ்ட்செஸ்டர் பக்கம் நாய் வளர்க்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். நாய் செத்தால் யாரைக் கூப்பிடுவது? என் பதில், ஹார்ட்ஸ்டேல் பெட் சிமெட்டரி.

எங்கள் மணி வயதான லாப்ரடார். சிறுநீரகம் பழுதாகி ஒரு கால்நடை மருத்துவமனையில் இறந்தான். அங்கே ஒரு படிவத்தை நீட்டினார்கள். கூட்டாக எரிக்கவா, தனியாகவா, சாம்பல் வேண்டுமா, வேண்டாமா என்று கட்டங்கள். சாம்பல் கூரியரில் வந்துவிடும் என்றார்கள். என் மனைவி பேனாவைத் தொடவே இல்லை. அங்கிருந்தே ஹார்ட்ஸ்டேலுக்குப் போன் செய்தேன்.

போனை எடுத்தவர் முதலில் கேட்டது அவன் பெயரை. எடை, கட்டணம் எல்லாம் அப்புறம்தான். புதைப்பதென்றால் இடம், பெட்டி, கல், பராமரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. அதையெல்லாம் பொறுமையாக விளக்கி, எதையும் எங்கள் தலையில் கட்டப் பார்க்காமல், யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்கள். நாங்கள் தனித் தகனம் போதும் என்றோம். அதற்கு முன் அவனோடு இருக்க நேரம் கொடுத்தார்கள். மனைவி நெற்றியில் விபூதி பூசி, கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை, கடிகாரத்தைக் காட்டவில்லை. சாம்பலை எங்கள் கையிலேயே கொடுத்தார்கள். ஈமக்காரியம் செய்யும் இடத்தில் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான், மனிதர்களுக்கான இடங்களில்கூட இது எப்போதும் கிடைப்பதில்லை.

இடத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 1896-இல் சாமுவேல் ஜான்சன் என்ற கால்நடை மருத்துவரிடம் நகரத்துப் பெண் ஒருவர் வந்து, இறந்த நாயைப் புதைக்க இடமில்லை என்று கலங்கியிருக்கிறார். மருத்துவர் தன் ஆப்பிள் தோட்டத்திலேயே இடம் கொடுத்தார். செய்தி பத்திரிகையில் வர, அடுத்தடுத்து ஆட்கள் தேடி வந்தார்கள். இன்று அந்தச் சரிவு முழுக்கக் கற்கள். செல்லப்பிராணியின் பக்கத்திலேயே தங்கள் சாம்பலையும் வைக்கச் சொல்லிவிட்டுப் போன மனிதர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

நான் அதிக நேரம் நிற்பது போர் நாய் நினைவுச்சின்னத்தின் முன்னால். 1923-இல் பொதுமக்கள் தந்த பணத்தில் எழுப்பியது. வெர்மான்ட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய கருங்கல் பாறை, அதன் மேல் வெண்கலத்தில் ஒரு ஷெப்பர்ட் நாய். உடம்பில் செஞ்சிலுவைப் போர்வை, காலடியில் நசுங்கிய இரும்புத் தொப்பியும் தண்ணீர்க் குப்பியும். முதல் உலகப் போரில் செஞ்சிலுவை நாய்கள் மருந்துப் பையைச் சுமந்துகொண்டு, குண்டு விழும் வெளியில் அடிபட்டுக் கிடந்தவர்களைத் தேடிப் போயின. சிலை காட்டுவது அதைத்தான்.

இந்தச் சின்னம் எந்த முகாமிலும் இல்லை, வீட்டு நாய்களுக்கு நடுவே நிற்கிறது. அதுதான் எனக்கு முக்கியம். ஏனென்றால் ராணுவம் இந்த நாய்களை நெடுநாள் தளவாடக் கணக்கில்தான் வைத்திருந்தது. வியட்நாமில் ஏறக்குறைய 4,000 அமெரிக்க நாய்கள் வேலை செய்தன. போர் முடிந்தபோது ஊர் திரும்பியவை மிகக் குறைவு. பலவற்றைத் தென்வியட்நாம் படையிடம் விட்டுவிட்டார்கள், பலவற்றை ஊசி போட்டுக் கொன்றார்கள். கூடவே படுத்து உறங்கிய வீரர்கள் கெஞ்சியும் பயனில்லை. ஓய்வுபெற்ற நாயைத் தத்துக் கொடுக்க வழி செய்த சட்டம் 2000 நவம்பரில்தான் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பெயர் தந்த ராபி என்ற நாயை, அதன் பழைய பயிற்சியாளர் வீட்டுக்குக் கொண்டுபோக எவ்வளவோ முயன்றார். கிடைக்கவில்லை. 2001 ஜனவரியில் ராபியைக் கருணைக்கொலை செய்துவிட்டார்கள். உயிரோடிருக்கும்போது வீடு கொடுக்காமல் செத்தபின் மாலை போடுவதை என்னால் மரியாதை என்று ஒத்துக்கொள்ள முடியாது. ஹார்ட்ஸ்டேலில் அந்த வெண்கல நாய்க்கு ஒரு தெரு கிடைத்தது மாதிரி இருக்கிறது, சுற்றிலும் யாரோ பெயர் வைத்துக் கூப்பிட்ட நாய்கள்.

நமக்கு இது புதிதும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த வீரனோடு, இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நாய்க்குப் பெயரோடு கல் வைத்தவர்கள் நாம். ஆகவே, "நாய்க்குப் போய் இவ்வளவு செலவா?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிராண்ட் சென்ட்ரலிலிருந்து ஹார்லெம் தடத்து ரயிலில் ஹார்ட்ஸ்டேல் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். உள்ளே மேடும் சரிவுமாக இருக்கும், முட்டிவலி உள்ள பெரியவர்களைக் கைபிடித்துக் கூட்டிப் போங்கள். போர் நாய்களுக்கான அஞ்சலி ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடக்கும், தேதியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கல் வைக்கப் போகிறீர்கள் என்றால் பெயரைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் கையோடு எடுத்துப் போய், எப்படிப் பொறிப்பார்கள் என்று அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.